மக்கள் மைக்

காலை ஆறு ஐம்பதுக்கு வேன் வரும். நாற்பத்திரண்டு பெண்கள் நிற்பார்கள். வரிசையில் முதல் ஆள் என் தங்கை சண்முகத்தாய். இது தேர்தலுக்கு முன்னால், சார். இப்போது நாற்பத்தொன்று.

இந்தப் பெட்டி உங்கள் காலில் இடிக்கிறதா? இருங்கள், திருப்பி வைத்துக்கொள்கிறேன். உள்ளே மைக் ஸ்டாண்டு இருக்கிறது. பழையது கால் ஒடிந்துவிட்டது. பஸ் எடுக்க இன்னும் நேரம் இருக்கிறது, டிரைவர் இப்போதுதான் டீக்கடைக்குப் போகிறார். நீங்கள் கல்லடிக்குறிச்சி வரைக்குமா, அதைத் தாண்டியா? தாண்டியா, சரி. அப்படியானால் எங்கள் ஊரை ஜன்னல் வழியாகப் பார்ப்பீர்கள். இடது பக்கம் பெரிய காம்பவுண்டு சுவர் வரும். உள்ளே தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியின் வீடும் தோட்டமும். ஆபீஸ் என்றால் தொழிற்சாலைதான், நான்கு கிலோமீட்டர் தள்ளி; வேன் அங்கேதான் போகும். சுவர் முடிகிற இடத்தில் ஊர் ஆரம்பிக்கும்.

நான் பேசுவது செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கிறது என்று ஊரில் கேலி செய்வார்கள். பழக்கம் அப்படி. பத்தொன்பது வருடம் ஒரு மாலைப் பத்திரிகைக்கு இந்த வட்டாரச் செய்திகளைப் போனில் சொன்னவன் நான். பகுதி நேரம்தான். நாற்பது வரி சொன்னால் நான்கு வரி வரும். குடிநீர் கேட்டு மறியல், பெண்கள் காலிக்குடங்களுடன் பங்கேற்பு. அவ்வளவுதான். யார் கேட்டார்கள், ஏன் கேட்டார்கள், பிறகு தண்ணீர் வந்ததா, ஒன்றும் இருக்காது. கடைசியில் பத்திரிகையையே நிறுத்திவிட்டார்கள். நான் ஒரு நல்ல போனும் மைக்கும் வாங்கி யூடியூபில் சேனல் ஆரம்பித்தேன். 'நம்ம கல்லடிக்குறிச்சி.' இனி என் செய்தியை வெட்ட யாரும் இல்லை. ஊர் பேசும், நான் காட்டுவேன். இதுதான் என் கொள்கை, இன்றைக்கும் இதுதான்.

ஊராட்சித் தேர்தல் அறிவித்தார்கள். எங்கள் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கியிருந்தது. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியின் மனைவி ஜெயராணி அம்மா நிற்கிறார் என்று பேச்சு வந்தது. சரி, போட்டி இல்லாமல் முடிந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கடைசி நாள் மதியம் சண்முகத்தாய் ஆபீசுக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, பஞ்சாயத்து யூனியன் ஆபீசுக்குப் போய் வேட்புமனு கொடுத்துவிட்டாள்.

என்னிடம்கூடச் சொல்லவில்லை. பிறகு கேட்டேன். தெருக்குழாயில் எட்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வருகிறது, காம்பவுண்டுக்குள் இருக்கிற தோட்டத்துக்குத் தினமும் வருகிறது, ஒரே தொட்டி, ஒரே வால்வு, தலைவரானால்தான் அந்த வால்வுச் சாவி கைக்கு வரும் என்றாள். கிராமசபையில் ஒவ்வொரு தடவையும் எழுந்து இதைத்தான் கேட்பாள். பதில் கிடைத்ததில்லை. அதனால் நின்றுவிட்டாள். சின்னம் மூக்குக் கண்ணாடி.

மறுநாள் காலை வேனில் அவளுக்கு இடம் இல்லை. அது இயல்புதான் சார். வேட்பாளர் என்றால் பிரச்சாரம் செய்ய வேண்டாமா? வேலைக்கு எப்படிப் போவது?

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். கூடப் பிறந்தவள் நிற்கிறாள் என்பதற்காக ஒரு வரி கூட்டிச் சொன்னதில்லை, இன்னொரு பக்கத்துக்கு ஒரு வரி குறைத்துச் சொன்னதில்லை. ஜெயராணி அம்மாவின் பேட்டி ஆறு நிமிடம். சண்முகத்தாயின் பேட்டியும் ஆறு நிமிடம். சேனலில் இருக்கிறது, நீங்களே பார்க்கலாம்.

பேட்டி யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள். நான் ஒரு படி மேலே போனேன். தேர்தல் என்றால் வேட்பாளர் மட்டும் பேசினால் போதுமா? வாக்காளர் பேச வேண்டாமா? அப்படி ஆரம்பித்ததுதான் 'மக்கள் மைக்'. தெருவில் எதிரில் வருகிற எல்லோரிடமும் ஒரே கேள்வி. உங்கள் ஓட்டு யாருக்கு? பதிலைக் கூட்டித் தினமும் சாயங்காலம் திரையில் போடுவேன்.

முதல் இரண்டு நாள் ஒன்றும் தேறவில்லை. மைக்கைப் பார்த்தாலே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஓடினார்கள். ராமுத்தாய் என்று ஒருத்தி, எங்கள் தெருதான், வாய் கொஞ்சம் நீளம். அவள் மட்டும் நின்று, "ஏன் அண்ணாச்சி, எங்க வீட்டுல இன்னைக்கு என்ன குழம்புன்னும் சேத்துக் கேட்டுப் போட்டுருங்களேன்" என்றாள். அதைப் போட்டேன். ஊரே சிரித்தது. ஆனால் அது கருத்துக்கணிப்பு ஆகாதே.

மூன்றாம் நாள் கோமதிநாயகம் வந்தார். தீப்பெட்டி ஆபீசில் சூப்பர்வைசர். மரியாதையான மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். நிகழ்ச்சியைப் பார்க்கிறேன், நல்ல முயற்சி, முதலாளியும் பார்க்கிறார் என்றார். தெருத்தெருவாக அலைவதைவிடக் காலையில் வேன் நிற்கிற இடத்துக்கு வந்தால் எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பார்களே என்று யோசனை சொன்னார். எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள். பத்தொன்பது வருட அனுபவம், இது தோன்றவில்லை.

மறுநாளே போனேன். கோமதிநாயகம் வேன் கதவுக்குப் பக்கத்தில் டீ தம்ளரோடு நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. யாரையும் முறைக்கவில்லை. பின்னால் சிலர் சிலதைச் சொன்னார்கள், அதனால் சொல்கிறேன். அவர் வாயே திறக்கவில்லை, அதற்கு நான் சாட்சி. நான் வரிசையில் மைக்கை நீட்டிக்கொண்டே போனேன். பாதிப் பேருக்கு மேல் ஜெயராணி அம்மா என்றார்கள். பத்துப் பதினைந்து பேர் ஓட்டு ரகசியம் அண்ணாச்சி என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களையும் நான் விடவில்லை. 'கருத்துச் சொல்லாதவர்கள்' என்று தனியாக ஒரு தலைப்புப் போட்டு, அவர்கள் முகத்தையும் காட்டினேன். செய்தி முழுமையாக இருக்க வேண்டும் இல்லையா?

அடுத்த நாள் அவர்களில் நான்கு பேருக்கு வேனில் இடம் கிடைக்கவில்லை. நான்கு கிலோமீட்டர் நடந்து போய், தாமதம் என்று அரைநாள் போய்விட்டது என்றார்கள். வேனில் இடம் இருந்ததா இல்லையா என்பதை நான் எண்ணவில்லை. என் கேள்வி அதுவும் இல்லை.

அதற்கு மறுநாள் என்ன நடந்தது தெரியுமா சார்? கருத்துச் சொல்லாதவர் ஒருவர்கூட இல்லை. ஒருவர்கூட. நாற்பத்தொரு பேரும் மைக்கைப் பார்த்து நேராகப் பதில் சொன்னார்கள். சிலர் நான் கேட்பதற்கு முன்பே சொன்னார்கள். ஒரே வாரத்தில் இவ்வளவு விழிப்புணர்வை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை. அன்றைய தலைப்பே அதுதான்: 'மனம் திறந்தது கல்லடிக்குறிச்சி.' அதன் பிறகு தெருவிலும் யாரும் ஓடவில்லை, பிரச்சாரம் முடிவதற்குள் ஊரில் ஓட்டு உள்ள எல்லோரையும் கேட்டு முடித்துவிட்டேன்.

வரிசையில் என் வீட்டுக்காரியும் நின்றாள். முருகேஸ்வரி. அவளுக்கும் அந்த ஆபீசில்தான் வேலை. அவளை மட்டும் தாண்டிப் போனால் என்ன பேசுவார்கள்? நீட்டினேன். "ஜெயராணி அம்மாவுக்கு" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வீட்டில் நாத்தனார் நிற்கிறாள், இவள் தன் கருத்தைச் சொல்கிறாள். அதன் பிறகு சண்முகத்தாய் வீட்டுக்கு வந்தால் முருகேஸ்வரி கொல்லைப்பக்கம் போய்விடுவாள். துணி காய்கிறது, எடுக்க வேண்டும் என்பாள். எந்நேரமும் துணி காய்ந்துகொண்டே இருந்தது.

ஒருநாள் சாயங்காலம் சண்முகத்தாய் வந்து உட்கார்ந்தாள். தொண்டை கட்டியிருந்தது. எங்கள் ஊராட்சியைச் சேர்ந்த பக்கத்துக் குக்கிராமங்கள் இரண்டிலும் சுற்றிவிட்டு வந்திருந்தாள். அங்கே வயல்காட்டு வேலைக்குப் போகிறவர்கள்தான், தீப்பெட்டி ஆபீசுக்கு யாரும் இல்லை. நல்ல ஆதரவு என்றாள். நம் தெருவில் மட்டும் எந்த வீட்டுக்குப் போனாலும் சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள் என்றாள்.

பிறகு, "அண்ணே, அந்த போனை ஓட்டு முடியுற வரைக்கும் பீரோவுல வச்சுப் பூட்டு" என்றாள்.

உனக்காக நிறுத்தினால் அது நடுநிலை ஆகுமா என்று கேட்டேன். நீ ஜெயித்தால் அண்ணன்காரன் சேனலால் ஜெயித்தாள் என்பார்கள், தோற்றால் அதனால்தான் தோற்றாள் என்பார்கள், எனக்கு இரண்டுமே வேண்டாம் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"அவளுக என்னய எதுத்துப் பேசுதாளுகன்னா நான் வருத்தப்படல. ஓட்டு போடும்போது மாத்திக் குத்திருவாளுகன்னு நெனச்சிருந்தேன். நீ தெனமும் கூட்டிக் கூட்டிப் போடுதியே. நாளைக்குப் பெட்டிய ஒடச்சு எண்ணுனா நீ போட்ட கணக்கும் அந்தக் கணக்கும் ஒத்து வரணும்லா? வரலைன்னா எவ பொய் சொன்னான்னு தேடுவான். ஒருத்திய கண்டுபிடிக்க முடியாட்டி எல்லாத்தையும் நிப்பாட்டுவான். வேனு வராது."

கற்பனை என்றேன். அப்படி யாரும் சொன்னார்களா, ஆதாரம் இருந்தால் கொடு, நானே நேரலையில் போடுகிறேன் என்றேன்.

"வேன் கதவுகிட்ட நிக்காரே, அவரைப் போடு" என்றாள்.

டீ குடித்துக்கொண்டு நிற்கிறவரை என்ன சொல்லிப் போடுவது, சார்? செய்திக்கு ஆள் வேண்டும், பேச்சு வேண்டும், செயல் வேண்டும். நிற்பது செய்தி ஆகாது.

பிரச்சாரம் முடிகிற அன்று காலை வேன் நிற்கிற இடத்திலிருந்து நேரலை போனேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் சண்முகத்தாய் மூக்குக் கண்ணாடி நோட்டீசை வைத்துக்கொண்டு நின்றாள். இந்தப் பக்கம் வர அவளுக்குத் தடை ஒன்றும் இல்லை, வரவில்லை. நான் வழக்கம்போல ஒவ்வொருவராகக் கேட்டு வந்தேன். ராமுத்தாயிடம் நீட்டியபோது அவள் பதில் சொல்லாமல் மைக்கை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பிடுங்கவில்லை, குழந்தையிடமிருந்து வாங்குகிற மாதிரி மெதுவாக வாங்கினாள். வாங்கி என் பக்கம் திருப்பினாள்.

"இத்தன நாளா நாங்க சொன்னோம். இப்ப நீங்க சொல்லுங்க அண்ணாச்சி. உங்க ஓட்டு யாருக்கு?"

கோமதிநாயகம் தம்ளரிலிருந்து முகத்தைத் தூக்கினார். அந்த இடத்தில் அவர் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். முருகேஸ்வரி வேன் படியில் ஒரு காலை வைத்திருந்தாள், அப்படியே நின்றாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் சண்முகத்தாயும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாக்களிப்பது ரகசியம், அது சட்டம் என்றேன். வேறு என்ன சொல்வது? சட்டத்தில் அப்படித்தானே இருக்கிறது?

ராமுத்தாய் மைக்கைத் தன் முந்தானையால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். முதலில் ஒருத்தி சிரித்தாள், பிறகு வரிசை முழுக்கச் சிரித்தது. நல்ல மனதோடு சிரித்தார்கள், நானும் சேர்ந்துகொண்டேன். நேரலை என்பதால் வெட்ட முடியவில்லை. என் சேனலில் அதிகம் பேர் பார்த்த வீடியோ இன்றைக்கும் அதுதான். அதில் கேள்வியை மட்டும் ரசித்திருக்கிறார்கள், பதிலைப் பற்றி ஒருவரும் நல்லதாக எழுதவில்லை.

ஓட்டுப்பதிவு அன்று நூறு சதவீதம் என்று நான் குறி வைத்திருந்தேன். மதியம் வரை கூட்டம் சுமார்தான். போனை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். பேச்சித்தாய் வாசலில் உட்கார்ந்து கால் நீவிக்கொண்டிருந்தாள். வயதானவள், ஆனால் இன்னும் ஆபீசுக்குப் போகிறாள், பெட்டி ஒட்டுவதில் அவள் கைக்கு ஈடு இல்லை. ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"அன்னைக்கே சொல்லிட்டேனே அய்யா உன் மைக்குல. ஒரு தடவ சொன்னது போதாதா?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மைக்கில் சொன்னதையே ஓட்டு என்று நினைத்துவிட்டாள். பாருங்கள், எவ்வளவு அறியாமை. அது வேறு இது வேறு பாட்டி, அங்கே போய் முத்திரை குத்த வேண்டும் என்று விளக்கினேன். "அங்க போனா குத்தணும்லா" என்றாள். ஆமாம் என்றேன். "அதான் போகல" என்றாள். காலை நீவிக்கொண்டே இருந்தாள். பத்தொன்பது பேர், சார், எல்லோரும் எங்கள் தெரு. எல்லோருக்கும் கால்வலி, காய்ச்சல், இல்லாவிட்டால் மைக்கில் சொல்லியாயிற்று. அரசாங்கம் இவ்வளவு செலவழித்து விழிப்புணர்வு நடத்துகிறது, அடிப்படையே போய்ச் சேரவில்லை.

எண்ணிக்கை அன்று யூனியன் ஆபீஸ் வளாகத்தில் நானும் இருந்தேன். தலைவர் பதவிக்கு இளஞ்சிவப்புச் சீட்டு. முதலில் இரண்டு குக்கிராமங்களின் பெட்டிகளை எண்ணினார்கள். சண்முகத்தாய் அறுபத்திரண்டு அதிகம். அவள் புருஷன் வெளியே ஓடிப்போய் யாருக்கோ போன் செய்தார். கடைசியாக எங்கள் பெட்டி.

நான் சொல்வதை நீங்கள் நம்பமாட்டீர்கள். பெரிய பெரிய டி.வி.க்கள் கோடி கோடியாகப் போட்டுக் கணிப்பு நடத்துகின்றன, தப்பாகிவிடுகிறது. நான் ஒரு போனும் ஒரு மைக்கும் வைத்து நடத்தினேன். மைக்கில் சண்முகத்தாய் பெயரைச் சொன்னவர்கள், அவளையும் சேர்த்து, ஒன்பது. பெட்டியில் விழுந்தது ஒன்பது. வராத பத்தொன்பது பேரைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அந்தப் பக்கமும் ஒரு சீட்டுக்கூட வித்தியாசம் இல்லை. எங்கள் மக்கள் சொன்ன சொல் மாறவில்லை. அன்று சாயங்காலமே போட்டேன்: 'கணித்தது கணித்தபடி.' கோமதிநாயகம் போன் செய்து பாராட்டினார். முதலாளிக்கே ஆச்சரியமாம்.

இருபத்தெட்டு ஓட்டில் தோற்றாள். வாக்கு எண்ணுகிற இடத்திலிருந்து நாங்கள் இருவரும் ஒரே பஸ்ஸில்தான் திரும்பினோம். இதே பஸ்தான், இந்த நேரத்து வண்டி. பாதி வழி வந்தாயிற்று. பிறகு கேட்டாள்.

"ஒம்பது பேரு மைக்குல சொன்னாங்க. ஒம்பதுதான் விழுந்திருக்கு. நீ ஒருத்தன் மட்டுந்தான் சொல்லல. அப்ப பத்து வரணும்லா அண்ணே?"

அவர்கள் பக்கமும் கூடவில்லையே என்றேன். அது எனக்குத் தெரியும், அதனால் சொன்னேன். எங்கள் பெட்டியில் ஒரு செல்லாத சீட்டு இருந்ததையும் சொன்னேன். இரண்டு சின்னத்துக்கும் நடுவில் இருக்கிற கோட்டின் மேலே முத்திரை விழுந்திருந்தது என்றேன். அப்படி விழுந்தால் அதிகாரி அதைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார். விவரம் தெரியாதவர்கள் செய்கிற தப்பு அது. அவசரத்தில், பயத்தில் அப்படிக் குத்திவிடுவார்கள். எத்தனை தேர்தல் பார்த்திருக்கிறேன், ஒவ்வொன்றிலும் நான்கைந்தாவது இருக்கும். நான் போட்டது யாருக்கு என்பது ரகசியம், அதை அவளிடமும் சொல்லவில்லை, உங்களிடமும் சொல்லப்போவதில்லை.

"கோட்டு மேலயா" என்றாள். அவ்வளவுதான். ஊர் வந்ததும் முன்வாசல் வழியாக இறங்கிவிட்டாள். நான் பின்வாசல் வழியாக இறங்கினேன்.

அவளுக்கு வேனில் இடம் இன்னும் கிடைக்கவில்லை. ரோட்டுக்கு நடந்து வந்து டவுன் பஸ் பிடித்து எங்கோ சமையல் வேலைக்குப் போகிறாள். தொட்டி வால்வு எப்போதும்போலத்தான். எட்டு நாள், சில சமயம் பத்து.

எனக்கு என்ன குறை? சேனல் நன்றாகப் போகிறது. காலை ஆறரைக்குக் கோமதிநாயகம் போன் செய்துவிடுவார், கிளம்பியாச்சா அண்ணாச்சி என்று. இப்போது நிகழ்ச்சிக்குப் பெயர் 'மக்கள் மனநிறைவு'. வேன் நிற்கிற இடத்தில் தினமும் ஒரே கேள்விதான், புதிய தலைவரின் செயல்பாடு எப்படி? போன மாதம் எனக்கு நூற்றிரண்டு காய்ச்சல். இன்றைக்கு விட்டுவிடலாமே என்று முருகேஸ்வரியிடம் சொன்னேன். அவள் வேனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மைக்கை எடுத்து என் மடியில் வைத்தாள். போனேன். நிறுத்தலாம், நிறுத்த முடியாது என்றெல்லாம் இல்லை. யாரும் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்று கேட்பார்கள், அதற்கு ஒரு பதில் வேண்டும். அந்தப் பதிலை அவளும் அந்த வேனில் உட்கார்ந்துகொண்டு கேட்டாக வேண்டும். அதனால் போகிறேன். ஸ்டாண்டு ஒடிந்தால் ஸ்டாண்டு வாங்குகிறேன்.

டிரைவர் வந்துவிட்டார், பாருங்கள். இனி ஜன்னல் பக்கம் வெயில் அடிக்கும், நீங்கள் வேண்டுமானால் இந்தப் பக்கம் மாறிக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்குள் கடைசியாக ஒரு செய்தி, சார். மே மாதம் ஒன்றாம் தேதி, காலை பதினொரு மணிக்குப் பள்ளிக்கூட வளாகத்தில் கிராமசபை நடந்தது. தலைவர் ஜெயராணி அம்மா தலைமை தாங்கினார். கேள்வி இருப்பவர்கள் கேட்கலாம் என்று சொல்லி என் மைக்கை முதல் வரிசையில் கொடுத்தேன். வாங்கியவர் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். மூன்றாவது வரிசையில் சண்முகத்தாய் இருந்தாள், அவளும் வாங்கி அடுத்தவளிடம் கொடுத்தாள். மைக் எல்லா வரிசைக்கும் போய்விட்டு என் கைக்குத் திரும்பி வந்தது. கூட்டம் பதினொரு மணி இருபது நிமிடத்துக்கு முடிந்தது.